ரிக்மோரை எழுப்பும் வேலை

கணினி மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

திரையில் சுற்றிக்கொண்டிருந்த வெள்ளைப் புள்ளிகள் பாதிச் சுற்றில் உறைந்தன. பீர்ப் பெட்டியின் மேல் வைத்திருந்த ஒலிபெருக்கியிலிருந்து, டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி "ட்ர்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் கிளம்பியது. அல்மா பதறிப்போய் மின்பொத்தானை அழுத்திப் பிடித்தாள். சத்தம் அடங்கியது.

செடிவேலிக்குப் பின்னால் குந்தியிருந்த தெருவாசிகள் அத்தனை பேரும் மெல்லத் தலையை நீட்டி, அந்த வீட்டின் படுக்கையறை ஜன்னலைப் பார்த்தார்கள். திரைச்சீலை அசையவில்லை.

"எழுந்துட்டாங்களா?" என்றாள் அல்மா.

"தூங்கறாங்க."

"நிச்சயமாவா?"

"முழிச்சிருந்தாலும் தூங்கறாங்க. அதுதான் வழக்கம்" என்றார் குட்ரூன்.

குட்ரூன் தெருச் சங்கத்தின் தலைவி. அந்தச் சிறிய டேனிஷ் துறைமுக ஊரில் காற்றுகூட அவரைக் கேட்டுவிட்டுத்தான் அந்தத் தெருவுக்குள் திரும்பும்.

அன்று ரிக்மோருக்கும் விகோவுக்கும் வெள்ளி விழா. கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருடம். வெள்ளி விழா என்றால் விடியற்காலையில் தெருவே திரண்டு வந்து வாசலில் நின்று பாட வேண்டும். தம்பதி திடுக்கிட்டு எழ வேண்டும். இரவு உடையிலேயே கதவைத் திறந்து, "ஐயோ, நாங்க எதிர்பாக்கவே இல்லையே!" என்று சொல்ல வேண்டும். அப்புறம் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுச் சூடான ரொட்டியும் காபியும், குளிருக்கு ஒரு வாய் கசப்புச் சாராயமும் தர வேண்டும்.

எதிர்பார்க்காமல் இருப்பதற்கு ஏற்பாடு நிறைய வேண்டும். முந்தைய நாள் மாலை அவர்கள் வீட்டு வாசற்கதவைச் சுற்றி ஊசியிலைக் கிளைகளால் ஒரு வளைவு கட்டினார்கள். வெகுநேரம் சுத்தியலால் அடித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த தம்பதிக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஓர் ஆணி சுவரைத் துளைத்துக்கொண்டு கூடத்துக்குள் எட்டிப் பார்த்தபோதும் கேட்கவில்லை. ரிக்மோர் கடையில் ஒரு தெருவுக்கே போதுமான வெண்ணெய் வாங்கினாள். கடைக்காரி எதற்கென்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யாருக்கும் தெரியாததாகவே கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்த ஊர் மரியாதை.

இதில் அல்மாவின் பங்கு பாட்டுக்கான பின்னணி இசை. சங்கத்துக்குச் சொந்தமான பழைய மடிக்கணினியில் அது இருந்தது. வழக்கமாக அதைக் கவனித்துக்கொள்பவருக்கு அன்று "வேற வேலை இருக்கு" என்று குட்ரூன் சொல்லியிருந்தார். அல்மா குளிர்காலத்தில்தான் தெருக்கோடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தவள். நகராட்சியில் வாகன நிறுத்த அனுமதிப் பிரிவில் வேலை. "நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்கறே?" என்று குட்ரூன் கேட்டபோது, "ஆமா, தட்டச்சு மட்டும்" என்று சொல்ல வாயெடுத்தாள். முதல் சொல்லோடு குட்ரூன் போய்விட்டார்.

அந்தத் தெருவில் ஒருவரை ஒருவர் காபிக்குக் கூப்பிடச் சில வருடங்கள் ஆகும். இதுவரை அல்மாவின் கதவைத் தட்டியவள் ரிக்மோர் மட்டும்தான். கையில் ஆப்பிள் கேக்கோடு வந்தாள். "என் வீட்டுக்காரருக்குக் கடல்ல, கரன்ட் எடுக்கற காத்தாலையில வேலை. போனா வாரக்கணக்குல வரமாட்டாரு. தனியா இருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லி, பாதி கேக்கைத் தானே சாப்பிட்டுவிட்டுப் போனாள். அந்த ரிக்மோர் இன்று பாட்டுக் கேட்டு எழ வேண்டும். வண்டுச் சத்தம் கேட்டு எழுந்தால், அல்மா இந்தத் தெருவில் கிழவியாகும்வரை "வெள்ளி விழாவைக் கெடுத்த பொண்ணு"தான்.

கெடுத்ததும் உண்மையில் அவள்தான். நேற்று மாலை நல்லெண்ணத்தில் அந்தக் கணினிக்கு எல்லாப் புதுப்பித்தல்களையும் செய்துவிட்டாள். புதிதாக வந்தவற்றில் ஒன்று சவுண்ட் டிரைவர். கணினிக்குச் சத்தம் போடக் கற்றுக்கொடுக்கும் சின்ன மென்பொருள். இப்போது கணினி எழும்போதெல்லாம் அதைத் தொட்டதும் மயக்கம் போட்டு விழுகிறது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"என்னம்மா பிரச்சினை?" என்றார் ஹெர்லுஃப். மீன் ஏலக்கூடத்தில் வாழ்நாளெல்லாம் விலை கூவி ஓய்வுபெற்றவர். அவர் கிசுகிசுத்தால் அடுத்த தெருவில் நாய் குரைக்கும்.

"மெதுவா, ஹெர்லுஃப்!" என்றார் குட்ரூன்.

"இது மெதுவாதான்!"

அடுத்த தெருவில் நாய் குரைத்தது.

"சவுண்ட் டிரைவர் சரியில்ல" என்றாள் அல்மா.

"அப்ப அவனை எறக்கி விட்டுடு."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அல்மா கணினியைப் பாதுகாப்பு முறையில் எழுப்பினாள். சமர்த்தாக எழுந்தது. ஆனால் ஊமையாக எழுந்தது. பாட்டை ஓடவிட்டால் திரையில் கோடுகள் ஆடின. ஒலிபெருக்கி மட்டும் வேறு யாரோ கூப்பிட்டதுபோல் சும்மா இருந்தது. அவள் தேடிப் பிடித்து டிரைவரை நீக்கினாள். கணினியை அணைத்தாள். மறுபடி போட்டாள்.

புள்ளிகள் சுற்றின. வழக்கமான இடத்தைத் தாண்டின. "ஆகா" என்றார் ஹெர்லுஃப். அப்போது கணினி, தன்னிடம் டிரைவர் இல்லாததைத் தானே கண்டுபிடித்து, தானே எடுத்து நிறுவிக்கொண்டு, தானே உறைந்தது.

"ட்ர்ர்ர்ர்."

இம்முறை பழையதைவிடச் சத்தம் அதிகம்.

"இசை இல்லாம வாயாலேயே பாடிட்டா என்ன?" என்று கெஞ்சினாள் அல்மா.

"ஒரு தடவை பாடினோம்" என்றார் குட்ரூன். "மூணு சுருதியில ஆரம்பிச்சு நாலு சுருதியில முடிச்சோம். அந்தத் தம்பதி அடுத்த மாசமே வீட்டை வித்துட்டாங்க."

"வேற ஊர்ல வேலை கிடைச்சுப் போனாங்க" என்றார் ஹெர்லுஃப்.

"அப்படித்தான் அவங்க சொன்னாங்க."

அப்போதுதான் வீட்டின் பக்கவாட்டிலிருந்து அவர் வந்தார். முழங்காலுக்குக் கீழே வரும் பச்சை மழைக்கோட்டு. அதற்குக் கீழே வெறும் கால்கள். மரச்செருப்பைச் சத்தம் வராமலிருக்கக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஏப்ரல் மாதப் பனிப்புல்லின் மேல் கொக்கு மாதிரி நடந்து வந்தார். நேரே அல்மாவிடம் வந்து குந்தினார்.

"தள்ளு" என்றார்.

அல்மா தள்ளினாள். பிறகு சுற்றிப் பார்த்தாள். ஒரு வினாடி முன்பு கணினியையே பார்த்துக்கொண்டிருந்த மொத்தத் தெருவும் இப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு கடற்பறவைகூட இல்லை.

"யாரு இவரு?" என்று குட்ரூனின் காதில் கேட்டாள்.

"எவரு?"

"இதோ, கோட்டுப் போட்டவரு."

"நான் யாரையும் பாக்கலையே" என்றார் குட்ரூன், வானத்திடம்.

"நானும் பாக்கல" என்றார் ஹெர்லுஃப். "ஆனா கோட்டு நல்ல கோட்டு."

கோட்டுக்காரர் விசைகளைத் தட்டிக்கொண்டே கேட்டார். "இதைப் புதுப்பிச்சது யாரு?"

அல்மாவும் வானத்தைப் பார்த்தாள்.

"நாலு வருஷமா இதுக்கு ஒரு புதுப்பித்தல்கூட வராம ராத்திரி பகலாக் காப்பாத்திட்டிருக்கேன். கேக்கும், 'பிறகு'ன்னு அழுத்துவேன். மறுபடி கேக்கும், மறுபடி 'பிறகு'. ஒரு நாள் விட்டுக் குடுத்தேன். ஒரே ஒரு நாள்!"

ஆக, வழக்கமாகக் கணினியைக் கவனித்துக்கொள்பவர் இவர்தான். வேறு வேலை இருப்பதாகக் குட்ரூன் சொன்ன ஆள்.

குட்ரூன் தொண்டையைச் செருமினார். யாரையும் பார்க்காமல், பொதுவாகக் காற்றிடம் சொன்னார்: "இங்க யாராவது இருந்தாங்கன்னு வெச்சுக்குவோம். அவங்க அவங்க இருக்க வேண்டிய இடத்துல போய் இருந்தா எல்லாருக்கும் நல்லது."

"யாரும் இல்லைன்னா யாருகிட்ட பேசறீங்க?" என்றார் கோட்டுக்காரர்.

"பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாக் கேட்டுக்கிட்டேன். அந்த வயரை எடு பொண்ணே."

அல்மாவுக்கு விஷயம் விளங்கத் தொடங்கியது. இந்த மனிதரை ஊர் தள்ளி வைத்திருக்கிறது. அதனால்தான் வேலையையும் பிடுங்கித் தன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஊரில் ஒருவர் இருந்தும் இல்லாமல் போக வேண்டுமென்றால் சாதாரணக் குற்றம் போதாது. அடுத்தவன் செடிவேலியைக் கேட்காமல் வெட்டியிருக்க வேண்டும். அல்லது அதைவிடக் கொஞ்சம் சின்னதாக ஏதாவது.

"கரன்ட் தீரப்போகுது" என்றாள்.

கோட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினார். "படுக்கையறை ஜன்னலுக்குக் கீழ, ரோஜாச் செடிக்குப் பின்னாடி ஒரு பிளக்கு இருக்கு. மூடியை இடது பக்கம் திருப்பணும். முள்ளு குத்தும்."

இருந்தது. இடது பக்கம்தான் திறந்தது. குத்தியது.

திரும்பி வந்தவள் மெல்லச் சொன்னாள்: "சத்தம் வந்தா ரிக்மோர் எழுந்துடுவாங்களேன்னு பயமா இருக்கு."

"இப்ப எழமாட்டா. விடிஞ்சதும் ஒரு தடவை சுவர்ப் பக்கம் புரண்டு படுப்பா. அப்புறம் கொஞ்ச நேரம் இடி விழுந்தாலும் கேக்காது. வாயை லேசாத் திறந்து வெச்சுக்குவா."

அல்மா அவரைப் பார்த்தாள். அவரது வெறும் கால்களைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். செடிவேலிக் குற்றம் இல்லை என்று முடிவுக்கு வந்தாள்.

அடடா. கடலில் காற்றாலையின் உச்சியில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, வாரக்கணக்கில் வீட்டை நினைத்து ஏங்கும் விகோ! முகம் பார்த்திராத அந்த விகோவுக்காக அவள் மனம் கரைந்தது. கூடவே, ஆப்பிள் கேக்கோடு வந்து தனிமையைப் பற்றிப் பேசிய ரிக்மோருக்காகவும் கரைந்தது. தனியா இருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும்.

தெரிந்ததால்தான் போலிருக்கிறது.

அவள் குட்ரூனிடம் ஊர்ந்து போனாள்.

"இது விகோவுக்குத் தெரியுமா?"

குட்ரூன் பாட்டுத் தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில், "விகோவுக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் சும்மா இருக்காரா?"

"சும்மா இருந்தாத்தான் தேவலையே!"

"அப்ப... சண்டை போடுவாரா?"

"கம்ப்யூட்டர் விஷயத்துல மட்டும்" என்றார் ஹெர்லுஃப். குட்ரூன் அவர் முழங்காலில் ஓர் அடி வைத்தார்.

அல்மா வேலியோரம் குந்தியிருந்தவர்களைச் சுற்றிப் பார்த்தாள். தெருவே இதை விழுங்கிக்கொண்டு, வெள்ளிக் காகித ரோஜாக்களை ஒட்டிக்கொண்டு, வாழ்த்துப் பாட வந்திருக்கிறது. இதுதான் மரியாதை என்றால், இந்த மரியாதைக்கு இரும்பு நெஞ்சு வேண்டும்.

"வந்துடுச்சு!" என்றார் கோட்டுக்காரர்.

உண்மைதான். அவர் கணினி எழுவதற்கு முன்னாலேயே அதன் அடிவயிற்று அமைப்புக்குள் நுழைந்து, சவுண்ட் சிப் என்னும் ஒலிச்சில்லை அப்படியே அணைத்திருந்தார். சில்லே இல்லையென்றால் டிரைவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாத டிரைவர் யாரையும் உறைய வைப்பதில்லை. கணினி எந்த மயக்கமும் இல்லாமல் எழுந்து நின்றது. வேலிக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கைதட்டல் எழுந்தது, கையுறைகளோடு. தட்டியவர்கள் அனைவரும் வானத்தைப் பார்த்தபடியே தட்டினார்கள்.

"ஆனா சில்லு இல்லாம சத்தம் எப்படி வரும்?" என்றாள் அல்மா.

"வயர் இல்லாம ஒலிபெருக்கியோட நேரா இணைச்சுடலாம். புளூடூத்தைப் போடு. ஏற்கெனவே சேர்த்து வெச்சதெல்லாம் வரிசையா வரும், பாரு."

அல்மா போட்டாள். வரிசையாக வந்தது. சங்கத்து ஒலிபெருக்கி. குட்ரூனின் கார். மூன்றாவதாக, 'ரிக்மோர், படுக்கையறை'.

அவளுக்கு முகம் காது வரை சிவந்தது. "இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?"

"குளிர்காலத்துல பாட்டெல்லாம் அங்க உட்கார்ந்துதான் சரிபாப்பேன்" என்றார் கோட்டுக்காரர், வெட்கமே இல்லாமல். "அந்த ரூம்தான் நல்லாச் சூடா இருக்கும்."

ஹெர்லுஃபுக்கு இருமல் வந்தது. குட்ரூன் தன் கையிலிருந்த பாட்டுத் தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. பாவம், அழுகிறார் என்று அல்மா நினைத்தாள்.

"சரி, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார் குட்ரூன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முதல் வரியில யாரும் முந்தக்கூடாது. ஹெர்லுஃப், நீ ரெண்டாவது சரணத்துலேர்ந்து பாடினாப் போதும். இருக்கறவங்க பாடுங்க. இங்க இருக்கக்கூடாதவங்க இனிமேலாவது போங்க!"

"போறேன், போறேன். பொண்ணே, அந்த முதலாவதைத் தொடு. கடைசியா ஓடினது எதுவோ அதுவே தானா ஆரம்பிக்கும். நேத்து எதைப் போட்டே? பாட்டுதானே?"

அல்மா நேற்று பாட்டைப் போடவில்லை. ஒலி அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கையில் கிடைத்த ஏதோ ஒரு கோப்பைப் போட்டாள். இதைச் சொல்ல வாயைத் திறந்தாள். விரல் அதற்குள் தொட்டுவிட்டது. முள் குத்திய, குளிரில் மரத்த விரல். முதலாவதைத் தொடப் போய் மூன்றாவதைத் தொட்டது.

வாசலில் ஒரு சத்தமும் இல்லை.

படுக்கையறைக்குள்ளிருந்து, திரைச்சீலையே அதிரும்படி, குட்ரூனின் குரல் முழங்கியது:

"நம்ம தெருவோட சாக்கடைக் குழாய் மறுபடியும் அடைச்சிருக்கு! வறுத்த எண்ணெயை ஊத்தறது யாருன்னு எனக்குத் தெரியும்! பேரைச் சொல்ல மாட்டேன்!"

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தின் ஒலிப்பதிவு.

வேலிக்கு வெளியே நின்ற குட்ரூன் சிலையானார். வீட்டுக்குள் இருந்த குட்ரூன் தொடர்ந்தார்: "ஆனா அவங்க வீட்டுக்கு வெளியில ரெண்டு குள்ள பொம்மை இருக்கு!"

"அப்பவே சொன்னேன், என் பேரை இழுக்காதேன்னு!" என்று கிசுகிசுத்தார் ஹெர்லுஃப். மூன்று தெரு தாண்டிக் கேட்டது. நாய்கள் எல்லாம் சேர்ந்து பதில் சொல்லின.

"நிறுத்து! நிறுத்து!"

அல்மா கிடைத்த விசைகளையெல்லாம் அழுத்தினாள். கணினி இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் ஜாதி இல்லை. உறைந்தது. ஆனால் உறையும்போது ஒரு சொல்லின் மேல் உறைந்தது.

"குழாய்-குழாய்-குழாய்-குழாய்-குழாய்..."

கோட்டுக்காரர் பாய்ந்து வந்து மின்பொத்தானை அழுத்திப் பிடித்தார். குழாய் நின்றது. நாய்கள் நின்றன. அந்த அமைதியில், பக்கத்து வீட்டுக் கொடிக்கம்பத்தின் கயிறு கம்பத்தில் தட்டும் ஓசை தனியாகக் கேட்டது.

திரைச்சீலை அசைந்தது.

எல்லாம் போயிற்று. பாட்டும் இல்லை, எழுப்புதலும் இல்லை. ஒரு பெண்ணை அவளுடைய வெள்ளி விழா அன்று சாக்கடையைச் சொல்லி எழுப்பியாகிவிட்டது. நாளைக்கே வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அல்மாவை உலுக்கியது. ஜன்னல் திறக்கும். ரிக்மோர் எட்டிப் பார்ப்பாள். அவளுக்குப் பின்னால் விகோவும் எட்டிப் பார்ப்பார். பனிப்புல்லின் மேல் வெறுங்காலோடு, கையில் மரச்செருப்போடு, இந்த ஆள்!

"ஓடுங்க!" என்றாள்.

"எங்க ஓடறது? அணைச்சுட்டு முதலாவதை நான் இணைக்கறேன், ஒரு நிமிஷம்..." அவர் மறுபடி கணினியின் முன் குந்திவிட்டார். சிலருக்கு உயிரைவிடப் புளூடூத் பெரிது.

அல்மா யோசிக்கவில்லை. ஆப்பிள் கேக்கின் நன்றிக்கடன் அவளைத் தள்ளியது. கோட்டுக்காரருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போய் நின்று, தன் மேலங்கியின் இரண்டு பக்கங்களையும் சிறகு மாதிரி விரித்துக்கொண்டாள். காற்று அதற்குள் புகுந்து அவளைப் பாய்மரமாக்கியது.

"என்னம்மா பண்றே?" என்றார் ஹெர்லுஃப்.

"குடும்பத்தைக் காப்பாத்தறேன்!"

ஜன்னல் திறந்தது.

மொத்தத் தெருவும் வானத்தைப் பார்த்தது.

ரிக்மோர் முழங்கையை ஊன்றி வெளியே சாய்ந்தாள். இரவு உடைதான். ஆனால் தலை வாரியிருந்தது. உதட்டில் சாயம்கூட இருந்தது. செடிவேலியையும், பாட்டுத் தாள்களையும், வானம் பார்க்கும் அத்தனை தாடைகளையும் அவள் பார்க்கவே இல்லை. விரிந்து நின்ற அல்மாவைத் தாண்டி, அவள் முதுகுக்குப் பின்னால் தெரிந்த பச்சைக் கோட்டிடம் மட்டும் அலுப்போடு சொன்னாள்:

"ஏங்க, கம்ப்யூட்டரை அந்தப் பொண்ணு பாத்துக்குவா, நீங்க உள்ள வந்து படுங்க, நம்மள எழுப்பறதுக்கு எவ்வளவு நேரமா இவங்கல்லாம் குளிர்ல நிக்கிறாங்க!"